நாளைக்கு முடியாதுங்க தம்பி

அம்மாவுக்கு ஒரு உட்கார்ந்த வேலை வேண்டும். 2023-ஆம் வருடம் முழுக்க, பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் பக்கத்து சீட் அக்காவிடம், கோயம்புத்தூர் - திருப்பூர் பஸ்ஸில் அடிக்கடி பார்க்கும் ஒரு டீச்சரிடம், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த சித்தப்பாவிடம். "அலைச்சல் இருக்கக் கூடாது, நிக்கக் கூடாது, டென்ஷன் இருக்கக் கூடாது. சம்பளம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவாயில்லை." எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இந்த வயசுல அவங்கள எதுக்கு வேலைக்கு அனுப்பறே? நீதான் சம்பாதிக்கறே இல்ல?"

அந்தக் கேள்விக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. நான் அனுப்பவில்லை, அம்மாதான் நிறுத்த மாட்டேன் என்கிறாள் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. சில சமயம் எனக்கே சந்தேகம் வந்துவிடும். மகள் வேலையில் இருக்கும்போது அம்மா வேலை தேடுவது குடும்பத்துக்கு ஏதோ குறை என்று எனக்குள்ளும் ஒரு எண்ணம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கேள்வி அப்படிக் குத்தியிருக்காது. இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் இதைப் பற்றி எழுத முடிகிறது. நடுவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மா போனில் பேசிய ஒரு வாக்கியம் என் காதில் விழுந்தது. அதுவரை நான் என்ன தேடிக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அம்மா திருப்பூரில் வேலைக்குப் போக ஆரம்பித்தது 1996-இல். அப்பா நாலு மெஷின் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த பவர் டேபிள் என்கிற சின்னத் தையல் யூனிட் நொடித்துப்போய், மெஷின்களை விற்றுக் கடன் அடைத்த வருடம். முதலில் தையல்காரருக்கு உதவியாகக் கைமடி, அப்புறம் தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டுவது, அப்புறம் செக்கிங். பத்து வருடம் சின்னச் சின்னக் கம்பெனிகள். பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு கிடையாது, சனிக்கிழமை சம்பளம் மட்டும் உண்டு. 2006-இல் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தாள். 2023 டிசம்பரில் 58 வயது முடியும் வரை அங்கேயேதான். காலை எட்டரைக்கு மேஜை முன்னால் நின்றால் ஒரு ஷிப்ட் முடிய சாயங்காலம் ஐந்தரை. ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டரை. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், துணியில் மெல்லிசாக ஓடும் லைன், எல்லாவற்றையும் கண்ணால் பிடித்து, விரலால் தடவி உறுதி செய்து, சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். கண்ணும் கையும்தான் வேலை செய்கின்றன. ஆனால் அடி வாங்கியது கால்தான். ஐம்பத்துமூன்று வயதில் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டது. ராத்திரி சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருப்பாள். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் பார்ப்பது அந்தக் கால்களைத்தான்.

அதனால் உட்கார்ந்த வேலை என்று நான் பிடிவாதமாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. என் மனதில் அம்மாவின் கஷ்டம் எல்லாம் அந்தக் காலுக்குள் இருந்தது. ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

நாற்காலி தேடிய கதை

முதலில் கிடைத்தது ஒரு பெரிய ஜவுளிக்கடை. எடுத்துப் போட்ட சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்கும் வேலை. "பெரிய வயசுக்காரங்களுக்குத் தோதா இருக்கும், உக்காந்து மடிக்கலாம்" என்று சொல்லித்தான் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஆறு பெண்களுக்கு ஒரு ஸ்டூல் இருந்தது. அதுவும் ஸ்டாக் ரூமில். கடைக்குள் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி உட்காரக் கூடாது. தமிழ்நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. கேரளத்தில் 2018-இல் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்து 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலையாட்கள் எல்லாருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். தொழிற்சாலைகளுக்கோ 1948-ஆம் வருடச் சட்டத்திலேயே 44-ஆம் பிரிவு இருந்தது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று அது சொன்னது. அம்மா பிறப்பதற்கு 17 வருடம் முன்னால் எழுதிய வரி அது. இதையெல்லாம் நான் அம்மாவிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத போய் நா அங்க சொன்னா நாளைக்கு யாரு உள்ள விடுவா கண்ணு?" என்றாள். மூன்று வாரத்தில் நின்றுவிட்டாள். வேலை கனமில்லை. ஆனால் பழையபடி நிற்கத்தான் வேண்டியிருந்தது.

அடுத்தது நிஜமாகவே உட்கார்ந்த வேலை. ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது. குஷன் போட்ட நாற்காலி, ஏசி, காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்கும் போட்டோவை என் கணவர் எடுத்து அனுப்பியபோது நான் ஆபீஸில் அழுதேன். மூன்று மாதம் போனாள். கால் வீக்கம் உண்மையிலேயே வற்றியது. ஆனால் மூன்றாவது மாதம் இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 160-க்கு 100 என்றார்கள். இருபத்தேழு வருடம் நின்றபோது வராத பிபி, மூன்று மாதம் உட்கார்ந்ததில் வந்திருந்தது. வயதாகிறது, எப்படியும் வந்திருக்கலாம், நாற்காலியின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டேன்: அங்கே என்னதான் நடக்கிறது?

அம்மா சொன்னது இதுதான். டாக்டர் பத்து மணி என்பார், பதினொன்றுக்கு வருவார். ஏன் லேட் என்று அம்மாவுக்குத் தெரியாது. காத்திருக்கிறவர்கள் அம்மாவைத்தான் திட்டுவார்கள். பல் வலியோடு வருகிறவர்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. போனில் புக் பண்ணியவர்கள் ஒரு வரிசை, நேரில் வந்தவர்கள் ஒரு வரிசை. யாரை முதலில் அனுப்புவது என்று உள்ளே இருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றிச் சொல்வார்கள். மாறியதற்கான ஏச்சும் அவளுக்குத்தான். பாத்ரூம் போகக்கூட ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுப் போக வேண்டும். "செக்கிங்குல ஒரு பீஸு நல்லாருக்குதா இல்லையான்னு நான்தான் சொல்லுவேன். சூப்பர்வைசரே வந்து கேட்டாலும் இது போகாதுங்க சார்னா போகாது. இங்க நான் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல கண்ணு. வாங்கிக் கட்டிக்கறது மட்டுந்தான்."

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது லண்டன் அரசு ஊழியர்களை வைத்து 1985-இல் தொடங்கிய வைட்ஹால் இரண்டாம் ஆய்வைப் பற்றிப் படித்தேன். பத்தாயிரத்துச் சொச்சம் பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு. பெரிய பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்குத்தான் நெஞ்சு வலி வரும் என்று நாம் நினைப்போம். அங்கே கீழ்நிலை ஊழியர்களுக்குத்தான் இதய நோய் அதிகமாக இருந்தது. தன் வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்பதில் தனக்கு எந்தப் பிடியும் இல்லாதவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று கண்டார்கள். அம்மா சொன்ன "நான் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல" என்பதும் அதுவும் ஒன்றாகத்தான் எனக்குப் பட்டது. மறுநாள் நானே போன் பண்ணி அந்த வேலையை விட்டுவிடச் சொன்னேன்.

அப்புறம் வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலை. சரி, இதில் திட்ட ஆள் இல்லை, வீட்டுத் திண்ணை, வேண்டும்போது எழுந்து போகலாம் என்று நினைத்தோம். ஆட்டோவில் சாக்கு சாக்காகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். பீஸுக்கு ஐம்பது பைசா. இரு நூறு பீஸ் வெட்டினால் நூறு ரூபாய். விடிகாலை ஆறு மணிக்குத் திரும்ப எடுக்க ஆள் வருவான் என்பதால் ராத்திரி பதினொரு மணிக்கும் அம்மா கத்தரியோடு உட்கார்ந்திருந்தாள். வீடு முழுக்கப் பஞ்சு. இந்த வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து செய்கிற வேலை வயதானவர்களுக்கு நல்லது என்று யாராவது சொன்னால், அந்த வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவில் வந்த மற்ற யோசனைகளையும் சொல்லிவிடுகிறேன். அபார்ட்மெண்ட் லேடி செக்யூரிட்டி, பன்னிரண்டு மணி நேரம். லேடீஸ் ஹாஸ்டலில் வார்டன், ராத்திரி அங்கேயே தங்க வேண்டும். ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது. அதை அம்மா ஒரே பேச்சில் மறுத்தாள். "அடுத்த வீட்டுக் கொழந்த கீழ விழுந்தா நா என்ன பதில் சொல்லுவேன்?"

ஒரு நோட்டுப் பக்கம்

வேலை தேடும் அவசரத்தில் நான் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட்டேன். அதை முதலில் செய்திருந்தால் மேலே சொன்ன மூன்று வேலைக்கும் அம்மா போயிருக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு மாதம் எவ்வளவு வேண்டும், அதில் எவ்வளவு சும்மாவே வருகிறது என்று எழுதிப் பார்ப்பதுதான் அது. நான் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்த்தேன், அம்மாவுக்குப் பார்க்கவில்லை. கம்பெனியில் கடைசியாக வாங்கியது மாதம் பதின்மூன்றாயிரம் சொச்சம், அதனால் அடுத்த வேலையும் பத்தாயிரத்துக்குக் குறையக் கூடாது என்று இரண்டு பேரும் பேசாமலே முடிவு பண்ணி வைத்திருந்தோம்.

2024 தீபாவளிக்கு வந்தபோதுதான் பழைய டைரியில் உட்கார்ந்து எழுதினோம். பென்ஷன் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. பிஎஃப்பில் பத்து வருடம் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. வேலையை விட்டால்தான் தருவார்கள் என்று அம்மாவோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. 58 முடிந்ததும் வேலையில் இருந்தாலும் 10டி படிவம் கொடுத்து வாங்கலாம். 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூட்டித் தருவார்கள். அம்மாவின் தொகைக்கு அது பெரிதாக ஒன்றும் கூடாது என்பதால் நாங்கள் தள்ளிப்போடவில்லை. கணக்கு எளிமையானதுதான்: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்கு முன்னால் சம்பள உச்சவரம்பு 6,500, பிறகு 15,000 என்பதால் சர்வீஸை இரண்டாகப் பிரித்துக் கணக்குப் போடுவார்கள். அம்மாவின் பதினேழு வருடத்துக்கு 2,000 ரூபாய் சொச்சம் வந்தது. கம்பெனி ஆரம்பத்தில் கொடுத்திருந்த பிறந்த தேதியும் ஆதாரில் இருந்த தேதியும் வேறாக இருந்ததால் அதைச் சரிசெய்யவே நாலு மாதம் அலைந்தோம். உங்கள் அம்மாவோ அப்பாவோ இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்றால், தயவுசெய்து இந்தத் தேதியை இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனியில் இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம், வெளியே வந்த பிறகு அப்படி முடிவதில்லை.

கிராஜுவிட்டி, கடைசி அடிப்படைச் சம்பளமும் டிஏவும் சேர்ந்த 10,400-க்கு வருடம் 15 நாள் வீதம். மாதத்தை 26 நாளாக வைத்து வகுப்பார்கள். ஒரு வருடத்துக்கு 6,000, பதினேழு வருடத்துக்கு 1,02,000. பிஎஃப்பில் என் கல்யாணத்துக்கு எடுத்தது போக மூன்றரை லட்சம் இருந்தது. இரண்டையும் சேர்த்து நாலரை லட்சத்தைப் போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தோம். 60 வயது ஆனால்தான் சேரலாம் என்பது பொது விதி. வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர்கள் 55-க்கு மேல் இருந்தாலே, ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். 8.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 9,225 ரூபாய். மாதத்துக்கு 3,075 என்று ஆகிறது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம். எல்லாம் கூட்டினால் ஆறாயிரம் சொச்சம்.

செலவுப் பக்கத்தை அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். மளிகை, பால், கேஸ், கரண்ட், செல்போன், மொய், கோயில், பேரனுக்கு வாங்கிக் கொடுப்பது. ஒன்பதாயிரம். வீடு சொந்தம், அப்பா கட்டிய இரண்டு ரூம் ஓட்டு வீடு, அதனால் வாடகை இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மருந்துச் செலவும் இல்லை, அதற்குக் காரணம் இஎஸ்ஐ. குறைந்தது ஐந்து வருடம் இஎஸ்ஐயில் இருந்து வயது முதிர்வால் வேலையை விட்டவர்கள், வருடத்துக்கு வெறும் 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இரண்டு பேருக்கும் மருத்துவ வசதி தொடரும். அம்மாவோடு ரிட்டையர் ஆன நாலு பேரில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இத்தனை வருடம் சம்பளத்தில் பிடித்த பணத்துக்குப் பின்னால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று வாசலில் வைத்து ஒருவர் சொல்லியிருக்கலாம்.

ஆக, ஒன்பதாயிரத்தில் ஆறாயிரம் வந்துவிடுகிறது. துண்டு விழுவது மூவாயிரம். நான் பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். பத்தாயிரத்துக்கு வேலை தேடி அலைந்த நாங்கள், உண்மையில் தேட வேண்டியிருந்தது மூவாயிரத்துக்கு. அதை நான் தருகிறேன் என்று உடனே சொன்னேன். அம்மா டைரியை மூடி ஓரமாக வைத்தாள். "நீ குடுத்தா அது உன்ற காசு. மாப்பிள்ள ஒண்ணும் சொல்ல மாட்டாரு, எனக்குத் தெரியும். ஆனா ஒரு சீல எடுக்கோணும்னாக்கூட எனக்கு உன்ற மொகம் ஞாபகம் வரும்." நான் அதற்கு மேல் பேசவில்லை.

காதர்பேட்டை

தீபாவளி முடிந்த பிறகு அம்மாவின் பழைய செக்கிங் தோழி ஒருத்தி மூலமாக அந்த வேலை வந்தது. திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் ஒரு குடோன். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மிஞ்சும் சரக்கை லாட்டாக எடுத்து, பிரித்து, வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பும் ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அம்மா அவரைத் தம்பி என்றும் அவர் அம்மாவை அக்கா என்றும் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். லாட்டைப் பிரிப்பதில்தான் அவருக்கு லாபமும் நஷ்டமும். நல்ல பீஸைச் சின்னக் குறை உள்ள செகண்ட்ஸில் போட்டால் காசு போச்சு. செகண்ட்ஸையோ ஒன்றுக்கும் ஆகாத அடாஸையோ நல்ல பீஸோடு கட்டினால் மூட்டை திரும்பி வரும், அந்த வியாபாரியும் போய்விடுவார். அவரிடம் இருந்த பையன்கள் ஓட்டையைப் பிடிப்பார்கள். லைனைப் பிடிக்க மாட்டார்கள். சலவை செய்த பிறகுதான் தெரியப்போகிற தையல் பிசகையும் பிடிக்க மாட்டார்கள். அம்மா போன முதல் நாளே, ஏற்கெனவே பிரித்து வைத்திருந்த ஒரு மூட்டையிலிருந்து பதினோரு பீஸை எடுத்து வெளியே போட்டிருக்கிறாள்.

முதல் நாள் சாக்கு மேல் உட்கார்ந்து பார்த்தாளாம். கிளம்பும்போது, "முதுகு வெச்ச ஸ்டூல் ஒண்ணு வேணுங்க தம்பி. வெளிச்சம் பத்தல, இன்னும் ரெண்டு லைட்டு போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த தடவை போனபோது இரண்டும் இருந்தன. வாரத்தில் மூன்று நாள், காலை பத்திலிருந்து மூன்று மணி வரை, நாளுக்கு 350. எந்த மூன்று நாள் என்பதை முந்தின வாரம் பேசிக்கொள்வார்கள். அம்மாவின் கணக்கில் மாதம் ஒன்பது நாள் போனால் 3,150. துண்டு அடைந்துவிடும். மேலே போகிற ஒவ்வொரு நாளும் மிச்சம்.

இதெல்லாம் எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. பார்ட் டைம் வேலை ஒன்று கிடைத்தது, கால் வீங்கவில்லை, நல்லது, அவ்வளவுதான். 2025 பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை ஊருக்கு வந்திருந்தேன். அம்மா புறவாசலில் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

"அக்கா, புதுசா ஒரு லாட்டு வந்திருக்குதுங்க. நாளைக்கு வந்து பாத்துக் குடுத்தீங்கன்னா பொங்கலுக்குள்ள அனுப்பிருவேன்."

அம்மா கையில் இருந்த சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். "நாளைக்கு முடியாதுங்க தம்பி. வெள்ளையடிக்க ஆளு வர்றாங்க. திங்கக்கெழம வர்றேன்."

இரண்டு விநாடி அந்தப் பக்கம் சத்தமில்லை. என் வயிற்றில் ஏதோ இறுகியது. அம்மா அடுத்த பாத்திரத்தை எடுத்துவிட்டாள்.

"சரிங்கக்கா. திங்கக்கெழமயே பாத்துக்கலாம்."

அவ்வளவுதான். போன் வைத்தாயிற்று. நான் அங்கேயே நின்றேன். அம்மா ஒரு வேலையைப் பற்றி "முடியாது" என்று சொல்லி என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. என் சின்ன வயதில் வீட்டில் அதிகம் புழங்கிய வாக்கியம் "ஷிப்மெண்ட் இருக்குது" என்பதுதான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோது ஷிப்மெண்ட். எனக்கு அம்மை போட்டபோது இரண்டு நாள் இருந்துவிட்டு மூன்றாம் நாள் வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள், ஷிப்மெண்ட். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில்கூட அரை ஷிப்ட் போய்விட்டு வந்தாள். லீவு வேண்டுமென்றால் உண்மையான காரணம் போதாது என்று பயந்து, இன்னும் பெரிய காரணம் ஒன்றை முந்தின நாளே யோசித்து வைப்பாள். சொல்லும்போது குரல் தாழ்ந்துபோகும். ஒரு நாள் லீவுக்கு அடுத்த ஒரு வாரம் நன்றியோடு இருப்பாள். அந்தக் குரல்தான் அம்மாவின் குரல் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது பாத்திரம் விளக்கிக்கொண்டே, வெள்ளையடிக்க ஆள் வருகிறான் என்ற உள்ள காரணத்தை உள்ளபடி சொல்லி, திங்கட்கிழமை என்று தானே நாள் குறித்த குரல் எனக்குப் புதிது.

"அவரு வேற ஆளப் பாத்துக்கிட்டா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டேன்.

"பாத்துக்கட்டும். நல்ல கண்ணு கெடைக்கோணுமே" என்றாள் முதலில். அப்புறம் விரலை மடக்கி எண்ணினாள். "இந்த மாசம் நாலு நாளு போயிட்டேன். இன்னும் அஞ்சு நாளு போனாப் போதும். அதுக்கு நாளு கெடக்குது கண்ணு."

நான் அக்கவுண்ட்ஸ்காரியாக எழுதிய கணக்கு, அம்மாவின் கையில் வேறொன்றாக மாறியிருந்தது. மூவாயிரம் என்பது எனக்குப் பற்றாக்குறை. அவளுக்கு அது ஒன்பது நாள். மீதி இருபத்தியொரு நாள் அவளுடையது. டென்ஷன் இல்லாத வேலை என்று நான் ஊரெல்லாம் விசாரித்தது இந்த இருபத்தியொரு நாளைத்தான் என்று புறவாசலில் நின்றபோது புரிந்தது. நாற்காலி வேண்டும்தான், வெளிச்சம் வேண்டும்தான். ஆனால் பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் இல்லாத ஒன்று இந்த ஸ்டூலில் இருந்தது. இன்றைக்கு வரவில்லை என்றால் இன்றைய கூலிதான் போகும், வேலை போகாது. ஆறாயிரம் ரூபாய் வருகிற இடத்திலிருந்து வந்துகொண்டிருப்பதால்தான் அந்தத் தைரியம். தம்பிக்கு அம்மாவின் கண் தேவைப்படுவதால்தான் அந்தச் "சரிங்கக்கா". இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வாக்கியத்தை அம்மா சொல்லியிருக்க முடியாது.

இதை எழுதும்போது அம்மாவுக்கு இந்த வேலையைச் சொல்லிவிட்ட அந்தத் தோழி நினைவில் இருந்துகொண்டே இருக்கிறார். அம்மாவைவிட ஒரு வயது மூத்தவர். அம்மாவைவிட நல்ல செக்கர் என்று அம்மாவே சொல்வாள். தனக்கு வந்த வாய்ப்பைத்தான் அம்மாவிடம் தள்ளிவிட்டிருக்கிறார். அவருக்கு வாடகை வீடு. பல கம்பெனி மாறியதால் எந்தக் கம்பெனியிலும் பிஎஃப் சர்வீஸ் நீளவில்லை, பத்து வருடம் தேறவில்லை, அதனால் பென்ஷன் கிடையாது. ஒன்பது நாள் கணக்கு அவருக்கு இருபத்தாறு நாள் கணக்கு. இன்றைக்கும் ஏதோ ஒரு சின்னக் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் நிற்கிறார். அவரிடம் போய் வயதானவர்களுக்கு ஏற்ற லேசான வேலை எது என்று நான் என்ன பேச முடியும்? பழைய கம்பெனிகளின் பிஎஃப் எண்களைத் தேடி எடுத்துச் சேர்க்க முடியுமா என்று அவருக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு எண் கிடைத்திருக்கின்றன. ஏழு வருடம் வரை வந்திருக்கிறது.

அம்மாவுக்கு இந்த ஆவணியில் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் வரமாட்டேன் என்று தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில் நான்தான் கூட இருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் காபி குடித்துக்கொண்டே சொன்னாள்.

"இனிமே வாரத்துக்கு ரெண்டு நாளு போதும்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். கண்ண ரொம்பச் சிரமப்படுத்த வேண்டாம்னு டாக்டரு சொன்னாங்கல்ல."

நான் மனதுக்குள் கூட்டினேன். மாதம் எட்டு நாள், 2,800. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே சொன்னாள்.

"எரநூறு ரூவா பத்தாது. அத நீ குடு."

சரி என்றேன்.

"ஒண்ணாந்தேதி குடுக்கோணும். மறந்துராத."